பீச்சாங்கையால் பந்தெறியும் என் மகனுக்கு

செல்வா,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்க மாட்டேன். நீ நலமாக இல்லை என்று உன் தங்கச்சி சொல்லிவிட்டாள். யாரிடமும் மூச்சுவிடாதே என்று மீனாவிடம் சத்தியம் வாங்கினாயாம். அவள் வாயில் எது தங்கும் என்று உனக்குத் தெரியாதா? நீ போனை வைத்த கையோடு அடுப்படிக்கு வந்து ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டாள். தோள்பட்டை முன்போல இல்லை என்று உன் டீம் அடுத்த வருஷத்துக்கு உன்னை எடுக்கவில்லை. டிவியில் வருகிற ஒரு பெரிய பேஸ்பால் டீம் உன்னைக் கூப்பிட்டிருக்கிறது. ஆனால் ஆட்டத்தில் இறங்க இல்லை. அவர்களுடைய மட்டைக்காரர்கள் ஆட்டத்துக்கு முன்னால் அடித்துப் பழகுவதற்குப் பந்து எறிந்து கொடுக்க. உனக்கு அது அவமானமாக இருக்கிறது. அதனால் தை மாதம் மீனா கல்யாணத்துக்கு வந்து, அப்படியே ரங்கூனிலேயே இருந்துவிடலாம் என்று பார்க்கிறாய். இதுதானே சங்கதி? நீ வரலாமா, வேண்டாமா என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பதிலை இங்கேயே சொன்னால் மீதியைப் படிக்க மாட்டாய். பெற்றவளுக்குத் தெரியாதா உன்னை?

போனில் சொல்லலாம்தான். நான் ரெண்டு வார்த்தை பேசுவதற்குள் ஒன்று கரண்ட் போகும், இல்லை நீ 'சரிம்மா, சரிம்மா' என்று வெட்டிவிடுவாய். அதனால் எழுதுகிறேன், அதுவும் தமிழில். கோயிலில் நடந்த ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு உன்னைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேனே, அதற்கு இன்றைக்காவது பலன் இருக்கட்டும். பர்மிய மொழியில் எழுதினால் ஒரே மூச்சில் படித்துவிட்டு ஒரு மஞ்சள் மூஞ்சியை அனுப்பி வேலையை முடித்துவிடுவாய். இதை எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி. யார் என்ன எழுதுகிறார்கள் என்று வேவு பார்க்கிற வார்டு ஆபீஸ்காரருக்குத் தமிழ் தெரியாது என்பதும் ஒரு சௌகரியம். உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கும்படி வெளிப்படையாக ஏன் எழுதுகிறேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாம் ரங்கூன் ஓரத்தில் இந்த ஷ்வேப்யிதாவுக்குக் குடிவந்தபோது உனக்குப் பால்பல்கூட விழவில்லை. உன் அப்பா பை தைக்கிற ஃபேக்டரியில் தையல் மிஷின் மெக்கானிக்காகச் சேர்ந்தார். நான் ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே தோசை வண்டி போட்டேன். நீ எதற்கெடுத்தாலும் இடது கையைத்தான் நீட்டுவாய். பென்சிலுக்கு, கரண்டிக்கு, மீனாவின் சடையைப் பிடித்து இழுக்க, எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான் முன்னால் வரும். ஒருநாள் கோயிலில் விபூதி வாங்க நீ இடது கையை நீட்ட, குருக்கள் தட்டைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் கூனிக் குறுகிப் போனேன். வீட்டுக்கு வந்ததும் பழைய லுங்கி ஒன்றைக் கிழித்து, சாப்பாட்டு நேரத்தில் உன் இடது கையை அரைஞாண் கயிற்றோடு சேர்த்துக் கட்டினேன். "சோத்துக்கை எங்கடா போச்சு? பீச்சாங்கையால யாருக்காச்சும் எதையாச்சும் குடுத்தே, தோலை உரிச்சுடுவேன்" என்று நாள் தவறாமல் பாட்டு. பர்மாக்காரர்கள் வீட்டுக்குப் போய்த் தப்பிக்கவும் உனக்கு வழியில்லை. அவர்களும் பெரியவர்களுக்கு எதையும் வலது கையால்தான் கொடுக்க வேண்டும், இடது கை விரல்கள் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பார்கள். இதற்கெல்லாம் நான் மன்னிப்புக் கேட்பேன் என்று எதிர்பார்க்காதே. சாப்பிடுகிற கை சாப்பிடுகிற கைதான். ஜப்பானில் குச்சியால் சாப்பிடும்போது எந்தக் கை என்று நானும் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை.

உன் ஆட்டம் என் சாம்பார் பானையில்தான் ஆரம்பித்தது. ஃபேக்டரி மேனேஜர் ஜப்பான்காரர். எல்லோரும் அவரை மரியாதையாகச் 'சயா' என்று கூப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஃபேக்டரிக்குப் பின்னால் இருந்த காலி மனையில் லாரி டிரைவர்களையும் கட்டிங் பிரிவுப் பையன்களையும் சேர்த்துக்கொண்டு தன் ஊர் ஆட்டத்தைச் சொல்லிக் கொடுப்பார். மட்டையும் பந்தும் இருக்கிறதே, கிரிக்கெட்டாக்கும் என்று போன நம் ஆட்கள் ரெண்டே வாரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். அப்படி ஒரு ஞாயிறு யாரோ அடித்த பந்து வேலியைத் தாண்டி வந்து என் சாம்பாருக்குள் விழுந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் நீ கரண்டியால் அதை எடுத்து, கையில் வாங்கி, விட்டு எறிந்தாய். வேலிக்கு மேலே, அத்தனை ஆட்களுக்கும் மேலே போய் அது சயாவின் கையுறைக்குள் 'சத்'தென்று உட்கார்ந்தது. அவருடைய வெள்ளைச் சட்டை முழுக்கச் சாம்பார். உனக்குப் பதினாலு வயது இருக்கும். நான் உன் முதுகில் ஒன்று வைத்து, "பெரிய மனுஷன் மேல பீச்சாங்கையால எறியறியே, வெக்கமா இல்ல?" என்று கத்தினேன். அவர் சட்டையைப் பார்க்கவே இல்லை. இன்னொரு தடவை எறியச் சொல்லிக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம் கையுறைக் கூத்து. எறிகிற கை வெறுங்கை, மற்றக் கையில்தான் பந்து பிடிக்கிற தோல் உறை என்பது இந்த ஆட்டத்தில் முறை. சயாவிடம் இருந்தவை எல்லாம் இடது கையில் மாட்டுபவை. இடது கையால் எறிகிற உனக்கு வலது கையில் மாட்டுகிற உறை வேண்டும். தேடாத இடமில்லை, ரங்கூனில் அது கிடைக்கவில்லை. உன் அப்பா "நான் தெச்சுத் தர்றேன்" என்று கிளம்பினார். ஃபேக்டரியில் கழித்துப்போட்ட தோல் துண்டுகளைக் கேட்டு வாங்கி, சயாவின் உறையை அளவு வைத்து அச்சு அசலாக வெட்டி, அச்சு அசலாகத் தைத்து, மாப்பிள்ளை மாதிரி நடந்து வந்து உன்னிடம் நீட்டினார். நீ வலது கையில் மாட்டினாய். கட்டை விரல் நுழைய வேண்டிய இடத்தில் சுண்டு விரல் நின்றது. மனிதர் இன்னொரு இடது கை உறையைத் தைத்திருக்கிறார்! நான் சிரித்த சிரிப்பில் கோபித்துக்கொண்டு ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு சயாவின் உறையை முகம்பார்க்கிற கண்ணாடி முன்னால் வைத்து, கண்ணாடிக்குள் தெரிந்ததைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். அந்த உறையோடுதான் நீ ஐந்து வருஷம் ஆடினாய். வெயிலும் மழையும் பாராமல், வேலைவிட்டு வந்த களைப்பைப் பாராமல், சுவரில் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டுக்கொண்டு அதற்குள் எறிந்துகொண்டே இருப்பாய். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் நம் வீட்டுக்கு வந்து சண்டை போட்டதெல்லாம் உனக்குத் தெரியாது. நான் தோசை கொடுத்துச் சமாளித்தேன்.

ஜப்பானில் ஒரு சின்ன ஊர் டீமுக்கு ஆள் சேர்ப்பவர் சயாவின் பள்ளிக்கூடத் தோழர் என்றும், உன்னைப் பார்க்க வருகிறார் என்றும் தெரிந்தபோது ஃபேக்டரியே வேலியோரம் கூடிவிட்டது. வெள்ளைத் தலை, மெல்லிய ஆள். பந்தை எடுத்து உன் கையில் கொடுத்தார். நீ வலது கையால் வாங்கினாய், இடது கை முழங்கையைத் தொட்டபடி. எனக்குப் பெருமையாக இருந்தது. பிடிக்க வேறு ஆள் வேண்டாம், நானே உட்கார்ந்து பிடிக்கிறேன் என்று அவரே போய்க் குந்தினார். நீ பந்தெறிகிற மேட்டில் நின்றாய். உன் உறையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, பழைய இடது கை உறை ஒன்றை மாட்டிக்கொண்டாய். வலது கையால் எறிந்தாய். பந்து பாதி தூரத்தில் விழுந்து, உருண்டு போய் அவர் காலடியில் நின்றது. மறுபடியும் அதே மாதிரி. அவர் சயாவைப் பார்த்தார், சயா எங்களைப் பார்த்தார்.

"என்ன ஆச்சு இவனுக்கு? கையில் அடிபட்டதா?" என்று சயா பர்மிய மொழியில் கேட்டார்.

உன் அப்பா தலையில் கையை வைத்துக்கொண்டார். "அடியெல்லாம் இல்ல. பெரியவங்களுக்குப் பீச்சாங்கையால எதையும் குடுக்கக் கூடாதுன்னு இவ சொல்லிச் சொல்லி வளத்தா. அங்க பெரியவர் உக்காந்திருக்காரு. இவன் எப்படி எறிவான்?"

"குடுக்கக் கூடாதுன்னுதானே சொன்னேன்? எறியக் கூடாதுன்னா சொன்னேன்?"

"சொன்ன. சாம்பார் பானை அன்னைக்கு."

செல்வா, அன்றைக்கு நான் வண்டியை விட்டு ஓடின ஓட்டத்தை உன் ஆட்டத்தில் யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். தோசைக் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டே வேலியில் ஏறி நின்று கத்தினேன். "டேய் செல்வா! பீச்சாங்கையால எறிடா!" நீ திரும்பிப் பார்த்து, "பெரியவரும்மா!" என்றாய். "இருந்தா என்ன? நான் சொல்றேன், எறிடா!" அத்தனை வருஷம் எந்தக் கையைக் கட்டிப் போட்டேனோ அந்தக் கைக்காக ஊர் சிரிக்கக் கத்தினேன். நீ அப்பா தைத்த உறையை எடுத்து மாட்டினாய். குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். பிறகு எறிந்தாய். பந்து அவர் உறைக்குள் விழுந்த சத்தம் ஃபேக்டரி சுவரில் மோதித் திரும்பியது. பெரியவர் எழுந்து கையை உதறிக்கொண்டு சிரித்தார். விஷயத்தைச் சயா எடுத்துச் சொன்னதும் நேராக என் வண்டிக்கு வந்து இடுப்பு வளைத்து ஒரு கும்பிடு போட்டார். என்ன செய்வதென்று தெரியாமல் நான் ரெண்டு தோசை ஊற்றினேன். பக்கத்தில் நீ பிய்ப்பதைப் பார்த்து அவரும் வலது கையால் பிய்த்துச் சாப்பிட்டார்.

அவர் டீமுக்கென்று ஜப்பான் போன புதிதில் நீ ஆடவே இல்லை. பயிற்சி ஆள் என்று பெயர். மற்றவர்கள் அடித்த பந்தைப் பொறுக்கினாய், மேட்டுக்கு மண் போட்டுச் சமப்படுத்தினாய், மீதி நேரத்தில் டீமுக்கு வேண்டிய ஒருவரின் முள்ளங்கித் தோட்டத்தில் வேலை செய்தாய். பனி பெய்கிற காலையில் முள்ளங்கி பிடுங்குவது எப்படி இருக்கும் என்று கேட்டேன். "ஐஸ் பெட்டிக்குள்ள கைய விட்டுத் தேடற மாதிரிம்மா" என்று சிரித்தாய். கோயிலில் ஒருவர், "ஜப்பானுக்குப் போயி முள்ளங்கி புடுங்கறானாமே?" என்று என்னிடம் கேட்டார். "ஆமா, நல்லா புடுங்கறான்" என்றேன். அந்த ரெண்டு வருஷத்தில் நீ ஒருநாள்கூடக் குறை சொல்லவில்லை. பாஷையைக் கற்றுக்கொண்டாய், உன் துணியை நீயே துவைத்துக்கொண்டாய், வீட்டில் தட்டைக்கூடக் கழுவாத பிள்ளை எட்டுப் பேருக்குச் சமைத்துப் போட்டாய். உன் பர்மியப் பெயரை வைத்து அவர்கள் உன்னை 'மின் சான்' என்று கூப்பிடுவதைப் போனில் கேட்கும்போதெல்லாம், இது யார் வீட்டுப் பிள்ளை, இவ்வளவு கெட்டிக்காரனாக இருக்கிறானே என்று எனக்கே தோன்றும்.

உன் முதல் ஆட்டத்தை மீனாவின் போனில் பார்த்தோம். நீ மேட்டில் ஏறுகிற நேரம் பார்த்துக் கரண்ட் போய் வைஃபையும் நின்றது. உன் அப்பா போனைத் தூக்கிக்கொண்டு ஜெனரேட்டர் வைத்திருக்கிற தெருமுனை டீக்கடைக்கு ஓடினார். நான் செருப்பைக்கூட மாட்டாமல் பின்னால் ஓடினேன். நீ தொப்பியைக் கழற்றி, மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாய். அது என்ன என்று ஜப்பான்காரர்களுக்குப் புரிந்திருக்காது, ஆனாலும் கை தட்டினார்கள். டீக்கடையில் இருந்த ஒரு பர்மாக்காரர், "எப்போது கோல் போடுவார்கள்?" என்று கேட்டார். "கோல் எல்லாம் கிடையாது. என் மகன் எறிவதை யாரும் அடிக்காமல் இருந்தால் போதும்" என்றார் உன் அப்பா. எதிரே வந்த மூன்று பேராலும் அடிக்க முடியவில்லை. டீக்கடைக்காரர் அன்றைக்கு எங்களுக்கு ஊற்றிய டீயில் பாலாடை இரண்டு மடங்கு.

அதன் பிறகு நீ ஜெயித்த ஆட்டங்கள் நிறைய. ஆனால் நான் உன்னை ரொம்ப மெச்சிக்கொண்டது நீ தோற்ற ஒரு ஆட்டத்தில். உங்கள் டீம் முன்னால் இருந்தது. ஒரே ஒருவனை அவுட் ஆக்கினால் ஆட்டம் முடிந்தது. நீ எறிந்ததை அவன் வேலிக்கு அப்பால் அடித்துவிட்டான். வருஷம் முழுக்க நீங்கள் பட்ட பாடு அந்த ஒரு பந்தோடு போய்விட்டது. உன் டீம் ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள், நீ உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றி மைதானத்தைக் கும்பிட்டுவிட்டு இறங்கினாய். உங்கள் சின்ன லீக்கில் ஒரு வழக்கம் உண்டே, ஜெயித்தாலும் தோற்றாலும் ஆட்டக்காரர்கள் வாசலில் வரிசையாக நின்று பார்க்க வந்தவர்களை வழியனுப்ப வேண்டும் என்று. அன்றைக்கு யாரோ எடுத்த வீடியோ மீனாவுக்குக் கிடைத்தது. வரிசையில் கடைசியில் போய் ஒளிந்துகொள்வாய் என்று நினைத்தேன். நீ முதல் ஆளாக நின்றாய். ஒரு மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார், அவருக்கும் குனிந்தாய். ஒரு சின்னப் பெண் உன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவளுக்கு நீ சமாதானம் சொன்னாய். ஒரு தோசை தீய்ந்துபோனால் அன்று முழுக்க நான் வாடிக்கைக்காரர் முகத்தைப் பார்க்க மாட்டேன். இந்தக் குணம் என்னிடமிருந்து உனக்கு வரவில்லை. நீயாகச் சம்பாதித்தது. அன்றைக்கு நான் மீனாவிடம் சொன்னேன், என் வயிற்றில் பிறந்தவனைப் பார்த்து நான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறதே என்று.

அப்படி நின்றவன் இப்போது எதற்காக ஒளிந்துகொள்ளப் பார்க்கிறாய்? உன் பெரியப்பா வந்து, "அப்ப வெளையாட மாட்டானா? எடுபிடி வேலைன்னு சொல்லு" என்று டீயை உறிஞ்சினார். எனக்குச் சுருக்கென்றது. நான் ஏதாவது சொல்லியிருந்தால் உறவு அத்தோடு முறிந்திருக்கும். உன் அப்பாதான் நிதானமாக, "இத்தன வருஷமா ஃபேக்டரியில இருக்கேன். ஒரு பை நான் தெச்சதில்ல. மிஷின ஓட வெக்கறேன். அப்ப நானும் எடுபிடிதானா?" என்று கேட்டார். பெரியப்பா மீதி டீயைக் குடித்துவிட்டுப் போனார். சயா இப்போது ஜப்பானில்தானே இருக்கிறார், உன் அப்பாவோடு போனில் பேசினார். எதிராளி டீமில் இடது கைக்காரன் எறியப் போகிறான் என்றால், அதற்கு முன்னால் இவர்களுக்குப் பழக இடது கைக்காரன் வேண்டுமாம். வேகம் முக்கியமில்லையாம். நினைத்த இடத்தில், நினைத்த உயரத்தில், நூறு தடவை கேட்டாலும் நூறு தடவையும் போட்டுக் கொடுக்கிறவன் வேண்டுமாம். ஒரு பந்து தப்பி மட்டைக்காரன் விரலில் பட்டால் அவன் பிழைப்பு போய்விடும், அதனால் கண்டவனைக் கூப்பிட மாட்டார்கள் என்றார். சுண்ணாம்புக் கட்டத்துக்குள் எறிந்து எறிந்து பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்தைக் கெடுத்தவனைத்தான் தேடிப் பிடித்திருக்கிறார்கள். எனக்கு அதில் அவமானம் எதுவும் தெரியவில்லை.

இத்தனை வருஷம் யாரும் அடிக்கக் கூடாது என்று எறிந்தாய். இனிமேல் எல்லோரும் நன்றாக அடிக்க வேண்டும் என்று எறிய வேண்டும். அது கஷ்டம்தான், எனக்குப் புரிகிறது. உன் ஆட்டம் முடிந்துவிட்டது என்ற துக்கத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆசை ஆசையாக வளர்த்தது அது. அழு, யார் வேண்டாம் என்றது? அந்த முள்ளங்கித் தோட்டக்காரர் வீட்டுக்குப் போ, அவர் மனைவி கையால் சாப்பிடு, நன்றாக அழு. தோளுக்குச் சூட்டு ஒத்தடம் கொடு. ஆனால் துக்கமாக இருப்பதை அவமானம் என்று நினைத்துக்கொண்டு ஓடி வராதே. அந்த வேலைக்குச் சரி என்று சொல்லு. அவர்கள் கொடுக்கிற சட்டையைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நில். அந்த வேலை இருக்கிற வரைக்கும்தான் அங்கே இருக்க உனக்கு அனுமதி என்பதையும் மறக்காதே.

இப்போது பதிலுக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு வராதே. கல்யாணம் முடிந்தும் வராதே. ஊர் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியும், ஆனாலும் தெரியாதவன் மாதிரி மீனாவிடம் பேசியிருக்கிறாய். உன் வயதுப் பையன்களைப் பட்டாளத்துக்கு எடுக்கிறார்கள். வந்தவன் மறுபடி விமானம் ஏறலாம் என்று நிச்சயம் கிடையாது. எதிர் வீட்டு டோ மியாவின் மகன், உன்னோடு கோலி ஆடினவன், டீக்கடைக்கு என்று போனான். இப்போது எங்கே இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியாது. தடின்ஜூட் பண்டிகைக்கு வீட்டு வாசலில் கட்டிய விளக்குகளை எல்லோரும் கழற்றிவிட்டார்கள், அவள் மட்டும் இன்னும் கழற்றவில்லை. தினமும் என் வண்டியில் வந்து உட்காருகிறாள். நான் தோசை வைக்கிறேன், பாதி சாப்பிடுகிறாள். என்னிடம், "உன் பிள்ளை தூரத்தில் இருக்கிறான், நீ கொடுத்துவைத்தவள்" என்கிறாள். அவள் அப்படிச் சொல்லும்போது எனக்கு என்ன முகம் வைப்பதென்று தெரிவதில்லை.

மீனாவிடமும் பேசிவிட்டேன். மாப்பிள்ளை ஆற்றுக்கு அந்தப் பக்கம் டாலாக்காரர், டவுனில் லத்தாவில் ஒரு மின்சாமான் கடையில் வேலை, தங்கமான பையன். அவர்கள் அக்கரையிலிருந்து ஃபெர்ரியில் சீர்த்தட்டோடு வரப் போகிறார்கள். எல்லாம் முடிவாகிவிட்டது. பொரி போடுகிற சடங்குதான் பாக்கி நின்றது. மணப்பெண்ணின் கையில் பொரியை அள்ளிப் போட உடன்பிறந்தவன் வேண்டும். குருக்கள், "பெரியப்பா பையன் ஒருத்தன் நின்னா போதும், அவனும் அண்ணன் முறைதானே" என்றார். மீனா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருநாள் முழுக்கப் பாத்திரங்களை உருட்டினாள். அண்ணன் வேண்டும் என்று அடம்பிடிக்கப் போகிறாள் என்று பயந்தேன். மறுநாள் மாவாட்டிக்கொண்டே சொன்னாள். "அவன் வந்து மாட்டிக்கிட்டான்னா, என் கல்யாணத்துக்கு வந்துதான் போனான்னு ஆயிடும்மா. அப்புறம் வருஷா வருஷம் அந்த நாள நான் எப்படிக் கொண்டாடுவேன்?" மாவு கையோடு அவளைக் கட்டிக்கொண்டேன். உனக்கு வாய்த்த தங்கச்சியைப் பார். பொரியை யார் போடுவது என்றால், "அம்மா போடட்டும்" என்கிறாள். பெண்பிள்ளை போடுகிற வழக்கம் இல்லையே என்று குருக்கள் இழுத்தார். பீச்சாங்கையால் எறியச் சொல்லி வேலி ஏறினவளிடம் வழக்கத்தைப் பற்றிப் பேசி அவர் என்ன ஆகப் போகிறது? அன்றைக்கு நான்தான் போடப் போகிறேன்.

நாலு பேர் படிக்க ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். எனக்கு என் மேல் நம்பிக்கை இல்லை, அதனால்தான். 'நீ வராவிட்டாலும் பரவாயில்லை' என்று ஒரு வரி எழுதி இதை முடித்துவிடலாம் என்று பார்த்தேன். எழுதினேன். பொய்யாக இருந்தது, அடித்துவிட்டேன். பரவாயில்லை இல்லை, செல்வா. உன்னைப் பார்க்க வேண்டும். கொரோனாவுக்கு முந்தின வருஷம் நீ வந்துபோனதோடு சரி. போனில் தெரிகிற முகத்தில் தலையைத் தடவ முடியவில்லை. கல்யாணம் நெருங்க நெருங்க எனக்குப் பைத்தியம் பிடிக்கும். ஏதோ ஒரு நாள் நீ போன் போடுவாய், "வரட்டுமாம்மா?" என்று கேட்பாய், நான் 'வாடா' என்று சொன்னாலும் சொல்லிவிடுவேன். அப்போது நான் சொல்வதைக் கேட்காதே. அது உன்னைப் பார்க்காமல் இருக்க முடியாத பொம்பளை ஒருத்தி பேசுவது. புத்தி தெளிவாக இருக்கும்போது, நாலு பேரைச் சாட்சி வைத்து, உன் அம்மா இங்கே எழுதியிருப்பதைக் கேள்.

வராதே.

அம்மா